காலி என்று எழுதிய தட்டு

பவானிபூரில் ஹோமியோபதி டாக்டர் பட்டாபி நோயாளிகளைப் பார்க்கும் சேம்பருக்கு வருகிறவர்கள் முதலில் வத்சலாவிடம்தான் பெயர் கொடுக்க வேண்டும். பெயர், வயது, கடைசியாக வந்த தேதி, போன தடவை வாங்கிப்போன குப்பியில் உருண்டை மிச்சம் உண்டா இல்லையா என்று நான்கையும் எழுதிக்கொண்ட பிறகே அவள் ஆளை உள்ளே அனுப்புவாள். டாக்டர் எழுதிக் கொடுக்கும் மருந்தின் பெயரைத் தேதி போட்டு, குப்பியில் ஒட்டி, எத்தனை உருண்டை, எத்தனை வேளை என்று இரண்டு தடவை சொல்லிக் கையில் கொடுக்கிறவளும் அவள்தான். அவளுக்கு அறுபத்து மூன்று வயது. டாக்டர் அவளுடைய தம்பி, பதினொரு வருஷம் இளையவன்.

வத்சலாவின் படிப்பு ஒன்பதாம் வகுப்போடு நின்றது. ஏன் நின்றது என்று கேட்டால் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு காரணம் சொல்வாள். அப்பா ஒரு தேயிலைக் கம்பெனியில் குமாஸ்தா. பத்தொன்பது வயதில் அவள் பக்கத்துத் தெருவில் ஒரு வங்காளி ஹோமியோபதி டாக்டரிடம் குப்பிகளுக்கு லேபிள் ஒட்டப் போனாள். கையெழுத்து முத்துமுத்தாக இருந்ததால் அங்கேயே நிலைத்துவிட்டாள். பட்டாபி பன்னிரண்டாம் வகுப்பு முடித்தபோது எம்.பி.பி.எஸ். படிக்க மார்க் போதவில்லை. அவன் இரண்டு நாள் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தான். மூன்றாம் நாள் ஹோமியோபதி கல்லூரியின் விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டு வந்து, பேனாவைத் திறந்து அவன் கையில் வைத்தவள் வத்சலா.

"இதுவும் டாக்டர்தானேடா" என்றாள்.

அந்த ஒரு வாக்கியத்தின் மேல்தான் முப்பத்து நான்கு வருஷம் நின்றிருக்கிறது. பட்டாபி படித்துப் பெயருக்குப் பின்னால் பட்டம் போட்டுக்கொண்டான். சேம்பர் திறந்தான். கல்யாணமாகித் துறைமுகத்துக் குடியிருப்புக்குப் போயிருந்த வத்சலா, கணவர் மஹாதேவனிடம் சொல்லிவிட்டு, முதல் நாளிலிருந்தே அங்கே வந்து உட்கார்ந்துவிட்டாள். வெளியாட்கள் முன்னால் தம்பியை 'டாக்டர்' என்றுதான் சொல்வாள். யாராவது "இவர் உங்களுக்கு என்ன உறவு?" என்று கேட்பதற்காகக் காத்திருப்பாள்.

தம்பியைப் பற்றிப் பெருமை பேச அவளிடம் நிறைய இருந்தது. ஒரு நோயாளியிடம் முக்கால் மணி நேரம் பேசுவான். எந்தப் பக்கமாகப் படுத்தால் தூக்கம் வருகிறது, வெந்நீர் பிடிக்குமா பச்சைத் தண்ணீர் பிடிக்குமா, அழுதால் யாராவது தேற்ற வேண்டுமா தனியே விட வேண்டுமா என்றெல்லாம் கேட்பான். நாலு வருஷத்துக்கு முன், சேம்பருக்கு வருகிற வங்காளி அம்மாள் ஷிப்ரா தீதியின் புருஷர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்தபோது ஓர் உருண்டைகூடக் கொடுக்காமல், டாக்ஸி பிடித்து, கூடவே ஏறி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தவன் அவன். அந்த மனிதர் இன்றைக்கும் மீன் வாங்கப் போகிறார். அந்தக் கதையைச் சொல்லி முடித்தபின் வத்சலாவுக்கே ஒரு சந்தேகம் வரும், இது ஹோமியோபதிக்குப் பெருமையா, இல்லை தம்பிக்கு மட்டும் பெருமையா என்று. அதை மேலே யோசிக்கமாட்டாள்.

இந்த வருஷம் அவனுக்குப் பெரிய வாய்ப்பு ஒன்று வந்தது. சால்ட் லேக்கில் புதிதாகக் கட்டிய ஒரு மருத்துவ மையத்தில் ஒரே கூரையின் கீழ் அலோபதியும் ஹோமியோபதியும் வைக்கப்போகிறார்கள். நோயாளியின் விவரமெல்லாம் கம்ப்யூட்டரில் இருக்கும். ஊருக்கு வெளியே இருப்பவர்கள் வீடியோவிலேயே டாக்டரைப் பார்க்கலாம். எந்த மருந்து எத்தனை பேருக்குக் கேட்டது என்று எண்ணிக்கையோடு காட்டுகிறவரைத்தான் ஹோமியோபதிப் பிரிவுக்குத் தலைவராகப் போடுவார்கள். அதற்கு முன்னோட்டமாக மார்ச் மாதம் ஒரு சனிக்கிழமை கருத்தரங்கு வைத்திருந்தார்கள். தலைப்பு, நாளைய மருத்துவத்தில் ஹோமியோபதியின் இடம். அதில் கட்டுரை வாசிக்கப் பட்டாபியைக் கூப்பிட்டிருந்தாள் அந்த மையத்தின் ஆராய்ச்சிப் பிரிவில் இருக்கும் மஹிமா, பாலக்காட்டுப் பெண். சேம்பருக்கு வந்து வத்சலாவின் நோட்டுகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "மாமி, இந்த மாதிரி ரெக்கார்டு நான் எங்கேயும் பார்த்ததில்லை" என்று சொல்லிவிட்டுப் போனாள். வத்சலா அதை மஹாதேவனிடம் ஏழு தடவையாவது சொல்லியிருப்பாள்.

கட்டுரைக்கு எடுத்துக்கொண்டது சைனஸ் தொந்தரவு. அதற்குப் பட்டாபி அதிகமாகக் கொடுப்பது காலி பைக் என்ற மருந்து, முப்பது வீரியத்தில். ஒருவருக்கு ஆறு வாரம். மழைக்காலத்தில் தொடங்கி முடித்தவர்கள் இருபத்தொரு பேர். அக்டோபர் மாதப் பூஜைக்குப் பிறகு, பனியும் புகையுமாக இருக்கும் மாதங்களில் தொடங்கியவர்கள் இருபத்து மூன்று பேர். ஆக நாற்பத்து நான்கு பேரில் முப்பத்திரண்டு பேருக்குக் குணம். செக்டர் ஃபைவில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் பட்டாபியின் பெண் அக்ஷரா அழகான வண்ணப் படமெல்லாம் போட்டுக் கொடுத்திருந்தாள்.

கருத்தரங்குக்கு நாலு நாள் முன்னால், செவ்வாய்க்கிழமை, நோயாளிகளின் எண்ணிக்கையும் குப்பிகளின் எண்ணிக்கையும் ஒத்துப்போகிறதா என்று பார்க்க உட்கார்ந்தாள் வத்சலா. யாரும் அவளைப் பார்க்கச் சொல்லவில்லை.

சேம்பரில் மருந்து தயாரிக்கும் விதம் இது. வெறும் சர்க்கரை உருண்டைகளை முதலில் குப்பிகளில் நிரப்பித் தட்டுகளில் அடுக்கி வைப்பார்கள். பிறகு புட்டியிலிருந்து மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் குலுக்குவார்கள். விட்ட உருண்டைக்கும் விடாத உருண்டைக்கும் பார்வையில் வித்தியாசம் இல்லை, ஸ்பிரிட் வாசனை போனபின் ருசியிலும் இல்லை. அதனால் வத்சலா ஒவ்வொரு தடவை மருந்து விடும்போதும் தனி நோட்டில் தேதி, மருந்தின் பெயர், எத்தனை குப்பி என்று எழுதிவிடுவாள். புட்டியின் மேல் மாதாமாதம் பென்சிலால் கோடும் போடுவாள்.

அந்த நோட்டில் செப்டம்பருக்குப் பிறகு காலி பைக் என்ற பெயரே இல்லை.

புட்டியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். மருந்து செப்டம்பர் மாதக் கோட்டிலேயே நின்றுகொண்டிருந்தது. ஆனால் நூறு குப்பிகள் போயிருக்கின்றன. எழுதாமல் விட்டுவிட்டாளா என்றால், அக்டோபரில் லக்ஷ்மி பூஜை கழிந்த மறுநாள் அவளுக்குக் கண் புரை ஆபரேஷன். நவம்பர் முடிகிறவரை அவள் சேம்பருக்கு வரவே இல்லை. காலையில் ஆபீசுக்குப் போகிறதற்கு முன் அக்ஷராதான் வந்து மருந்து கொடுத்தாள். மற்ற மருந்துகளுக்கெல்லாம் அவள் ஆங்கிலத்தில் ஒழுங்காக எழுதியிருந்தாள். இது ஒன்றைத்தான் காணோம்.

மத்தியானம் அவளுக்குப் போன் செய்தாள்.

"அக்ஷரா, ஒரு நிமிஷம் பேசலாமா?"

"சொல்லுங்கோ அத்தை. மீட்டிங்குக்கு இன்னும் பத்து நிமிஷம் இருக்கு."

"நீ இங்கே இருந்தப்போ காலி பைக்குக்கு மருந்து எப்போ விட்டே? நோட்டுல இல்லையே."

"அதுக்கு நான் விடவே இல்லையே. நீங்கதான் ரெண்டு தட்டு ரெடியா வெச்சுட்டுப் போயிருந்தேளே."

"நான் எங்கேடி வெச்சேன்?"

"ஜன்னல் பக்கத்துல. மேல சீட்டு வேற இருந்தது. கா, லி. காலி. எழுத்துக் கூட்டித் தமிழ்ல படிச்சுட்டேன்னு எனக்கு ஒரே சந்தோஷம். அப்பாகிட்டகூட சொன்னேன். அப்புறம் நான்தான் காலி பைக், தர்ட்டின்னு இங்கிலீஷ்ல ஸ்டிக்கர் ஒட்டி அலமாரியில வெச்சேன்."

வத்சலா ஜன்னலோரத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

"அது காலிடி" என்றாள்.

"ஆமா அத்தை, காலிதான்."

"இல்லேடி. காலி. ஒண்ணும் இல்லாதது. இன்னும் மருந்து விடலை, எடுத்துக் குடுத்துடாதேன்னு எழுதி வெச்ச சீட்டு."

அக்ஷரா மெதுவாக, "ஓ, பெங்காலியில டாக்ஸிக்காரன் வண்டி காலின்னு சொல்லுவானே, அந்தக் காலியா?" என்றாள். இன்னும் மெதுவாக, "அப்போ அந்த இருபத்து மூணு பேர்?" என்றாள்.

டிசம்பரில் திரும்பி வந்த வத்சலா அலமாரியில் அழகான ஸ்டிக்கரோடு இருந்த குப்பிகளைப் பார்த்து, சமர்த்துப் பெண் என்று நினைத்துக்கொண்டு, அதே உருண்டைகளைத் தன் கையாலும் கொடுத்திருக்கிறாள். எத்தனை உருண்டை, எத்தனை வேளை என்று இரண்டு தடவை சொல்லிச் சொல்லி.

அதைவிட அவளைத் திணற அடித்தது வேறு. நோட்டை எடுத்து அந்த இருபத்து மூன்று பேரை மட்டும் தனியே எண்ணினாள். குணமானவர்கள் பதினேழு. மருந்து விட்ட குப்பி வாங்கிய இருபத்தொரு பேரில் குணமானவர்கள் பதினைந்து. விரலை வைத்து இரண்டாவது தடவை எண்ணினாள். காப்பி குடித்துவிட்டு மூன்றாவது தடவை எண்ணினாள். பதினேழும் பதினைந்தும் அசையவில்லை.

அன்று முழுவதும் அவள் தலைக்குள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு பல எண்ணங்கள் ஓடின. உருண்டையில் ஒன்றும் இல்லை என்றால் தம்பி முப்பது வருஷமாகக் கொடுத்தது என்ன? ஆனால் அவளுடைய கழுத்துப் படை தம்பி கொடுத்த மருந்தில்தானே போயிற்று. அது மருந்தால்தான் போயிற்று என்று எப்படித் தெரியும்? தம்பி முக்கால் மணி நேரம் பேசுகிறானே, அதுதான் மருந்தோ? அப்படியானால் அலமாரி எதற்கு, லேபிள் எதற்கு, அவள் எதற்கு? ஜன்னலோரம் மருந்துப் புட்டிகளுக்குப் பக்கத்திலேயே இருந்ததால் அந்தத் தட்டுகளில் மருந்து தானாகக் கொஞ்சம் ஏறியிருக்குமோ என்றுகூட நினைத்தாள். இதை யாரிடம் போய்க் கேட்பது?

வீட்டில் மஹாதேவனிடம் சொன்னாள். அவர் துறைமுகத்தில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். ரத்த அழுத்தத்துக்குத் தினமும் காலையில் அலோபதி மாத்திரை போட்டுக்கொண்டு மச்சினனைக் கிண்டல் செய்வது அவர் வழக்கம்.

"மூக்கடைப்பு எத்தனை நாள்தான் ஒரே மூக்குல இருக்கும்? அதுக்கும் அலுத்துப்போகாதா?" என்றார். "நான் இத்தனை வருஷமா சொல்றதை உன் நோட்டே சொல்லிடுத்து."

"நீங்க சொன்னது வேற. நீங்க பார்க்காம சொன்னேள்."

அவர் பேப்பரை மடித்து வைத்தார். கிண்டல் போன குரலில், "பட்டாபிகிட்ட சொல்லாதே வத்சலா. சனிக்கிழமை ஆகட்டும். யாருக்கு என்ன கெட்டுப்போச்சு? எல்லாருக்கும் மூக்கு நன்னாத்தானே இருக்கு" என்றார்.

நம்பாதவர் மறைக்கச் சொல்கிறார். நம்புகிறவள் சொல்லத் துடிக்கிறாள். இது என்ன கூத்து என்று அவளுக்கு விளங்கவில்லை. சொன்னால் சால்ட் லேக்கில் தம்பியின் பெயர்ப்பலகை ஏறாது. சொல்லாவிட்டால் அது ஏறும், ஆனால் அதை அவளால் நிமிர்ந்து பார்க்க முடியாது. அதோடு, விண்ணப்பத்தை வாங்கி வந்து அவனை இதற்குள் தள்ளியவளே அவள்தான்.

புதன்கிழமை மத்தியானம் கடைசி நோயாளி போனபின் கதவைச் சாத்திவிட்டு இரண்டு நோட்டையும் தம்பியின் மேஜையில் வைத்தாள். ஒன்றும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள்.

பட்டாபி முதலில், "அக்ஷராவைத் திட்டினியா?" என்று கேட்டான்.

"இல்லை. சீட்டு நான் எழுதினது."

அவன் நோட்டை இழுத்துக்கொண்டு தானே எண்ணினான். அவன் உதடு அசைவதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பதினேழா அக்கா?"

"பதினேழு."

"அந்தப் பக்கம்?"

"பதினஞ்சு."

மேஜை மேல் இருந்த டாப்லெட் கம்ப்யூட்டரைக் கவிழ்த்து வைத்தான். நோயாளி சொல்கிற அறிகுறியெல்லாம் போட்டால் மருந்தைக் காட்டும் ஆப் அதில் இருந்தது. அது நிறைய பேருக்குக் காலி பைக் என்றுதான் காட்டியிருந்தது.

"கட்டுரையை வாபஸ் வாங்கிண்டுடறேன்" என்றான்.

"ஏன்? உள்ளதைச் சொல்லி வாசியேன்."

"உள்ளது என்னன்னு எனக்கே தெரியலையே. என்னன்னு வாசிப்பேன்?"

"தெரியலைன்னு வாசி. மொத்தமா முப்பத்திரண்டு பேர்னு இருக்கே, அதை ரெண்டாப் பிரிச்சுப் போடு. மீதியைக் கேக்கறவா பார்த்துக்கட்டும்."

"மஹிமா என்ன நினைப்பா?"

"அவ நினைக்கறது இருக்கட்டும். குப்பி வாங்கிண்டு போனவா இருபத்து மூணு பேர் என்ன நினைப்பான்னு சொல்லு."

பட்டாபி நாற்காலியில் சாய்ந்துகொண்டான். "அவாளுக்குச் சொல்லணும். ஒவ்வொருத்தருக்கா. நானே பேசறேன்."

"நீ நோயாளியைப் பாரு. குடுத்தது நான், நான் பேசறேன்" என்றாள் வத்சலா.

வியாழக்கிழமை போன் செய்ய ஆரம்பித்தாள். ஒருவர் சிரித்தார். இன்னொருவர், இனிமேல் வரமாட்டேன் என்று சொல்லி வைத்துவிட்டார். ஓர் அம்மாள், தான் குணமானதே பொய்யா என்று கேட்டு அழுகிற மாதிரி ஆகிவிட்டாள். வத்சலா, உங்கள் மூக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டாள். நன்றாக இருக்கிறது என்றாள் அந்த அம்மாள், இன்னும் அழுகிற குரலிலேயே.

வெள்ளிக்கிழமை ஷிப்ரா தீதி நேரிலேயே வந்துவிட்டாள். புருஷருக்கு டாக்ஸி பிடித்த நாளிலிருந்து இந்தச் சேம்பரைத் தன் பிறந்த வீடு போல நடத்துகிறவள். அவளும் இருபத்து மூன்றில் ஒருத்தி. வத்சலா என்ற பெயர் அவள் வங்காளி வாயில் பொத்ஷோலா ஆகிவிடும்.

"பொத்ஷோலா தீதி, போனில் என்னமோ சொன்னீர்களே. டிசம்பரில் கொடுத்ததில் மருந்தே இல்லையா?"

"இல்லை. என் தப்பு."

"எனக்குக் கேட்டதே."

"அது எப்படின்னு டாக்டருக்கும் தெரியலை."

ஷிப்ரா தீதி கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு யோசித்தாள். "போன வாரம் ஒரு குப்பி கொடுத்தீர்களே, அதில் மருந்து இருக்கிறதா?"

வத்சலா நோட்டைப் பார்த்தாள். மூட்டு வலிக்கு ஆர்னிகா, வேறு தட்டு. "அதுல இருக்கு."

"அது அவ்வளவு சரியில்லை. எனக்கு மருந்து இல்லாததையே கொடுத்துவிடுங்கள்."

"அதை எப்படித் தெரிஞ்சே குடுக்கறது?"

"தெரியாமல் கொடுத்தபோது கொடுத்தீர்களே. இதில் என்ன கஷ்டம்? ஸ்டாக் தீர்ந்துபோய்விட்டது என்றால் நேராகச் சொல்லுங்கள் தீதி, கதை எதற்கு?"

வத்சலா அவளை உள்ளே தம்பியிடம் அனுப்பினாள். முக்கால் மணி நேரம் ஆயிற்று. வெளியே வந்த ஷிப்ரா தீதியின் கையில் மருந்துச் சீட்டு இல்லை. மூட்டு வலிக்கு எக்ஸ்ரே எடுக்கச் சொல்லிவிட்டாராம். முகம் தெளிவாக இருந்தது. எந்த உருண்டையும் வாங்காமலே இவளுக்குப் பாதி வலி போயிருக்குமோ என்று வத்சலாவுக்குத் தோன்றியது. அதோடு குழப்பம் இன்னும் கொஞ்சம் கூடிற்று.

சனிக்கிழமை சால்ட் லேக்கில் அவள் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். ஹால் நிறைந்திருந்தது. பட்டாபி ஆங்கிலத்தில்தான் வாசித்தான். அவளுக்கு முழுக்கப் புரியாவிட்டாலும் திரையில் விழுந்த எண்கள் புரிந்தன. இரண்டு பட்டியல். மேலே இருபத்தொன்று, பதினைந்து. கீழே இருபத்து மூன்று, பதினேழு. எப்படி நேர்ந்தது என்று அவன் விளக்கியபோது சிலர் சிரித்தார்கள். 'மை எல்டர் சிஸ்டர்' என்று அவன் சொன்னது காதில் விழுந்தது. அவளுக்கு முகம் சுட்டது. ஆனால் அவன் குரல் தாழவில்லை.

முன்வரிசையில் இருந்த மூத்த ஹோமியோபதி டாக்டர் ஒருவர் எழுந்து, சேம்பரில் நடந்த கோளாறை மேடைக்குக் கொண்டுவந்திருக்க வேண்டாம் என்று வங்காளியில் சொன்னார். அவருக்கு இரண்டு நாற்காலி தள்ளி இருந்த அலோபதி டாக்டர், இதற்கு மேல் என்ன நிரூபணம் வேண்டும், முடிவு தெளிவாகத்தானே இருக்கிறது என்றார். மஹிமா மைக்கை வாங்கி, தெளிவாக இல்லை என்றாள். ஒரு கூட்டம் மழைக்காலத்தில், ஒரு கூட்டம் பனிக்காலத்தில். இரண்டும் சிறியவை. எதுவுமே கொடுக்காமல் விட்ட மூன்றாவது கூட்டம் இல்லை. ஆறு வாரத்தில் தானாகச் சரியாகியிருப்பவர்கள் எத்தனை பேர் என்று சொல்ல வழி இல்லை. ஆனால் டாக்டருக்கும் தெரியாமல், கொடுத்தவருக்கும் தெரியாமல், சாப்பிட்டவருக்கும் தெரியாமல் நடந்திருக்கிறது, இதை அலட்சியமாகத் தள்ளவும் முடியாது.

"டாக்டர், உங்கள் முடிவு என்ன?" என்று யாரோ கேட்டார்.

"எனக்குத் தெரியவில்லை" என்றான் பட்டாபி. அதை ஆங்கிலத்திலும் வங்காளியிலும் சொன்னான். சொல்லிவிட்டுக் கைக்குட்டையால் முகத்தைத் துடைக்காமல் அப்படியே நின்றான். வத்சலாவுக்கு எழுந்து நிற்க வேண்டும் போல இருந்தது.

டீ நேரத்தில் மையத்தின் நிர்வாகி பட்டாபியின் தோளைத் தட்டி, "பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டு மூத்த டாக்டரோடு போய்விட்டார். மஹிமா மட்டும் அவர்களைத் தேடி வந்தாள். முறையாக ஒரு சோதனை வைக்கலாம் என்றாள். குப்பிகளில் எண் மட்டும் இருக்கும். எதில் மருந்து, எதில் வெறும் உருண்டை என்று ஓர் ஆபீசில் பூட்டி வைத்த பட்டியலில்தான் இருக்கும். நோயாளிகளிடம் முன்கூட்டியே சொல்லிக் கையெழுத்து வாங்கிவிட வேண்டும்.

"ஒரு வருஷம் ஆகும். மாமி, குடுக்கறது நீங்களா இருக்கணும். உங்களை மாதிரி எழுதறவா வேற யாரும் இல்லை. ஆனா எதுல என்ன இருக்குன்னு உங்களுக்குச் சொல்லமாட்டோம். பரவாயில்லையா?"

வத்சலா தம்பியைப் பார்த்தாள். அவன் டீக் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தான். நாற்பத்து நாலு வருஷமாக, கையில் எடுத்த ஒவ்வொரு குப்பியிலும் என்ன இருக்கிறது என்று தெரிந்து கொடுத்தவள் அவள். டிசம்பரிலிருந்து அப்படித் தெரிந்ததாக நினைத்ததுதான் பொய்.

"யோசிச்சுச் சொல்றேனே" என்றாள்.

திரும்பும்போது பஸ்ஸில் இடம் கிடைத்தது.

"அக்கா, சோதனை முடிஞ்சு ஒண்ணும் இல்லைன்னு வந்தா?"

"வந்தா வரட்டும்."

"எனக்கு அப்புறம் என்ன வேலை?"

"முக்கால் மணி நேரம் பேசறியே, அதைப் பேசு. டாக்ஸி பிடி. எக்ஸ்ரே எடுக்கச் சொல்லு." சொல்லிவிட்டு, தான் சொன்னது ஆறுதலா, அவனைக் குத்தியதா என்று அவளுக்கே புரியவில்லை. "உன்னை இதுல சேர்த்துவிட்டது நான்தான்டா. தப்புப் பண்ணிட்டேனான்னு நாலு நாளா யோசிக்கறேன்."

"என்ன தெரிஞ்சுது?"

"ஒண்ணும் தெரியலை. அதான் மஹிமாகிட்ட சரின்னு சொல்லிடலாம்னு பார்க்கறேன். தெரியாமலே இருந்துட முடியாது."

பட்டாபி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். பிறகு தலையை ஆட்டினான்.

இன்னும் ஆறு பேருக்குச் சொல்ல வேண்டியிருந்தது. வத்சலா பையிலிருந்து பட்டியலை எடுத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பதினெட்டாவது பெயருக்கு எதிரே இருந்த எண்ணை அழுத்தினாள். பஸ் இரைச்சலில் அந்தப் பக்கத்துக் குரல் சரியாகக் கேட்கவில்லை. யார், யார் பேசுவது என்று இரண்டு தடவை கேட்டது.

"நான் டாக்டரோட அக்கா" என்று வங்காளியில் உரக்கச் சொன்னாள் வத்சலா. "உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும்."